மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்குவது: தரம், மதிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலிவு விலை சூப்பர் மார்க்கெட் என்று இங்கே குறிப்பிடப்படுவது, எப்போதாவது தள்ளுபடி அறிவிக்கும் கடை அன்று. ஆண்டு முழுவதும் குறைந்த விலையில் விற்பதையே வியாபார முறையாகக் கொண்டு, குறைவான வகைகளை, பெரும்பாலும் தன் சொந்த பிராண்டில், அலங்காரமில்லாத கட்டடத்தில் வைத்து விற்கும் கடையையே அந்தப் பெயர் குறிக்கிறது. அத்தகைய கடைக்கு முதன்முறையாகச் செல்பவர்களும், பல ஆண்டுகளாகச் சென்றும் மனத்தில் ஐயம் தீராதவர்களும் கேட்கும் கேள்விகளுக்குக் கீழே பதில் தரப்பட்டுள்ளது.

விலை இவ்வளவு குறைவாக இருக்கிறதென்றால், பொருளின் தரத்தில்தானே கைவைத்திருக்க வேண்டும்?

பெரும்பாலான பொருட்களில் அப்படி இல்லை. நாம் கல்லாவில் கொடுக்கும் தொகையில் பொருளை உருவாக்க ஆன செலவு ஒரு பகுதி மட்டுமே. கடை வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், கிடங்கு, போக்குவரத்து, விளம்பரம், விற்காமல் வீணாய்ப் போன சரக்கின் இழப்பு ஆகிய அனைத்தும் அதே தொகைக்குள்தான் அடங்கியிருக்கின்றன. மலிவு விலைக் கடை முதலில் வெட்டுவது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

இந்த வியாபார முறை உருவான கதையிலிருந்தே அதைப் புரிந்துகொள்ளலாம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1913ஆம் ஆண்டு அன்னா ஆல்பிரெக்ட் ஒரு சிறிய மளிகைக் கடையைத் தொடங்கினார். அவருடைய மகன்கள் கார்ல், தியோ இருவரும் 1946இல் அதன் பொறுப்பை ஏற்றபோது, போரில் சிதைந்த நாட்டில் விரிவாகச் சரக்கு வைக்க அவர்களிடம் முதலும் இல்லை, சந்தையில் சரக்கும் இல்லை. அன்றாடம் விற்றுத் தீரும் சில பொருட்களை மட்டும் வைத்து, குறைந்த ஆட்களைக் கொண்டு கடை நடத்தினார்கள். நாடு செழிப்படைந்த பிறகும் அந்த முறையை அவர்கள் கைவிடவில்லை. 1962 முதல் அக்கடைகள் ஆல்டி என்ற பெயரில் இயங்குகின்றன. (அதற்கு முன்பே, கடையில் சிகரெட் விற்கலாமா என்ற கருத்து வேறுபாட்டில் சகோதரர்கள் வணிகத்தை வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள்; இன்றும் அவை இரண்டு தனித்தனி நிறுவனங்கள்தாம்.) அதே வழியில் லிடில் தன் முதல் மலிவு விலைக் கடையை 1973இல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் திறந்தது. இன்று பல நாடுகளில் வேறு பெயர்களில் இயங்கும் மலிவு விலைக் கடைகள் பலவும் ஏறக்குறைய இந்த அச்சில் வார்க்கப்பட்டவையே.

வழக்கமான பெரிய சூப்பர் மார்க்கெட் பல்லாயிரம் வகைப் பொருட்களை அடுக்கி வைத்திருக்கும்போது, மலிவு விலைக் கடை ஏறத்தாழ 1,500 முதல் 2,500 வகைகளோடு நிறுத்திக்கொள்கிறது. பத்து வகை தக்காளிச் சாஸுக்குப் பதிலாக இரண்டே வகை வைத்தால், அந்த இரண்டும் மிகப் பெரிய அளவில் விற்கும். அவ்வளவு பெரிய அளவில் கொள்முதல் செய்யும் கடைக்கு, உற்பத்தியாளரிடம் விலை பேசும் வலிமை தானாகவே வந்துவிடுகிறது. சரக்கு சீக்கிரம் நகர்வதால் கிடங்கில் பணம் முடங்குவதில்லை. பொருட்கள் அட்டைப்பெட்டியோடு அப்படியே தட்டில் ஏற்றப்படுகின்றன. கல்லாவில் திருப்பித் திருப்பித் தேடாமலிருக்கப் பொதியின் பல பக்கங்களிலும் பார்கோடு பெரிதாக அச்சிடப்படுகிறது. நாணயம் போட்டு எடுக்கும் தள்ளுவண்டியை வாடிக்கையாளரே கொண்டுவந்து விடுவதால் அதற்கென ஓர் ஆள் தேவைப்படுவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் இந்தச் சேமிப்புகள் ஒன்றுசேரும்போது, ரொட்டியின் மாவில் கைவைக்காமலேயே ரொட்டியின் விலையைக் குறைக்க முடிகிறது.

ஆயினும், எல்லாப் பொருளிலும் சிக்கனம் கடையோடு நின்றுவிடுகிறது என்று சொல்லிவிட முடியாது. சில பொருட்களில் அது செய்முறைக்குள்ளும் நுழைகிறது. அவை எவை என்பது பின்னால் வருகிறது.

கடையின் சொந்த பிராண்டுப் பொருட்களைப் பெரிய நிறுவனங்களின் ஆலைகளிலேயே தயாரிக்கிறார்கள் என்பது உண்மையா?

பல நேரங்களில் உண்மை. சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஆலைகள் மிகக் குறைவு. எனவே வேறொருவர்தான் தயாரித்துத் தர வேண்டும். அந்த வேறொருவர் கடை பிராண்டுகளை மட்டுமே தயாரிக்கும் நிறுவனமாக இருக்கலாம். அல்லது தன் பெயரில் பிரபலமான பொருளைத் தயாரித்துக்கொண்டே, இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் கடைக்காகவும் தயாரிக்கும் பெரிய நிறுவனமாக இருக்கலாம். சில நாடுகளில் பொதியின் மீதுள்ள ஆலை உரிம எண்ணையோ கால்நடைப் பொருட்களுக்கான ஒப்புதல் முத்திரையையோ ஒப்பிட்டு, இரண்டு பொதிகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்துவிட முடியும்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்புக்கு மக்கள் கொடுக்கும் முக்கியத்துவம் சற்று அதிகம் என்றே தோன்றுகிறது. ஆலை ஒன்றாக இருக்கலாம். செய்முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே ஆலையில், அதே நாளில், ஒரு வாடிக்கையாளருக்கு 60 விழுக்காடு பழம் கலந்த ஜாமும் இன்னொரு வாடிக்கையாளருக்கு 40 விழுக்காடு பழம் கலந்த ஜாமும் தயாராகலாம். ஒரே அடுப்பில் சமைத்தாலும் இரண்டு குழம்பும் ஒரே குழம்பாகிவிடுவதில்லை. ஆகவே, எந்த ஆலை என்று துப்பறிவதைவிட, பொதியின் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது பயனுள்ள வேலை.

மலிவு விலைப் பொருட்கள் பாதுகாப்பானவையா?

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பணக்காரக் கடைக்கு ஒரு விதி, மலிவுக் கடைக்கு ஒரு விதி என்று கிடையாது. நுண்ணுயிர் வரம்பு, பூச்சிக்கொல்லி எச்சத்தின் வரம்பு, அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பொருட்கள் ஆகியவை ஒரு நாட்டில் விற்கும் எல்லாப் பொருளுக்கும் பொது.

இதற்கு மேல், பொதியின் மீது தன் பெயரையே அச்சிட்டிருக்கும் கடைக்கு, தவறு நேர்ந்தால் கைகாட்டிவிட வேறு ஆள் இல்லை என்ற நெருக்கடியும் உண்டு. பிரிட்டனில் 1990ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய கவனம் எடுத்துக்கொண்டதை நிரூபிக்கும் பொறுப்பை விற்பவரின் மீது சுமத்தியதைத் தொடர்ந்து, அந்நாட்டுச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு தங்கள் சொந்த பிராண்டுப் பொருட்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்கென 1998இல் ஒரு தணிக்கைத் தரநிலையை வெளியிட்டது. ஜெர்மானிய வணிகர்கள் 2003இல் ஐஎஃப்எஸ் என்ற இன்னொன்றை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் உணவு ஆலைகள் பெறும் புகழ்பெற்ற சான்றிதழ்களில் சில, கடை பிராண்டுகளைக் காப்பதற்காகப் பிறந்தவை என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

அதே வேளையில், சான்றிதழ் இருந்தும் ஏமாற்று நடக்கும். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், தான் சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர் வகைகளில் 10இல் குதிரையின் மரபணு இருந்ததாக அறிவித்தது. அவை ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளில் மட்டுமல்லாமல், வழக்கமான சூப்பர் மார்க்கெட்டான டெஸ்கோவிலும் விற்றவை. ஒரு பர்கரில் இறைச்சி அளவில் 29 விழுக்காடு குதிரை இறைச்சி இருந்ததும் டெஸ்கோவின் பொருளில்தான். அடுத்த மாதம் ஃபின்டஸ் என்ற பிரபலமான பிராண்டின் லசானியா என்ற இறைச்சி உணவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மலிவுக் கடை, வழக்கமான கடை, பிரபல பிராண்டு என்று அந்த மோசடி வேறுபாடு பார்க்கவில்லை. நீண்ட கைமாற்றுச் சங்கிலியில் பலரைக் கடந்து வரும் அரைத்த இறைச்சியில்தான் ஆபத்து இருந்தது. அதை விற்ற கடையின் விலைப் பலகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எந்தப் பொருட்களில் பிராண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்?

வேதியியல் முறையில் பார்த்தால் ஒன்றேயான பொருட்களில். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர ஆணையத்தின் தரநிலைப்படி, சமையல் உப்பில் நீர் நீங்கலாகக் குறைந்தது 97 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையின் தூய்மை, முழுத் தூய்மையை 100 பாகையாகக் கொள்ளும் அளவையில், 99.7 பாகைக்குக் குறையக்கூடாது. மீதமிருக்கும் அந்தச் சிறிய இடத்தில் எந்த பிராண்டும் பெரிய வித்தைகளைக் காட்டிவிட முடியாது. (அயோடின் சேர்த்த உப்பா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.) சமையல் சோடா, சோளமாவு, வினிகர், சாதாரண மாவு, சுத்திகரித்த எண்ணெய், உலர்ந்த பயறு வகைகள், கொழுப்பளவு குறிப்பிட்டு விற்கும் பால், வெண்ணெய் ஆகியவையும் ஏறத்தாழ இந்த வரிசையில் வருபவை.

இது வெறும் ஊகம் அன்று. பொருளியலாளர்கள் நால்வர் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏராளமான அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதல் பதிவுகளைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது மருந்தாளுநர்களும் மருத்துவர்களும், உப்பு, சர்க்கரை, சமையல் சோடா போன்றவற்றை வாங்கும்போது தொழில்முறைச் சமையற்காரர்களும், மற்றவர்களைவிடக் கடை பிராண்டையே அதிகம் தேர்ந்தெடுத்தது தெரியவந்தது. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள், வெளியே இருக்கும் பெயருக்குப் பணம் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதே இதன் பொருள். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வைத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தைகளுக்கான பால்மா குறித்தும் பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் அதன் உட்கூறுகள் பெரும்பாலான நாடுகளில் சட்டத்தாலேயே விரிவாக வரையறுக்கப்பட்டிருப்பதால், விற்பனைக்கு வரும் மலிவான பால்மாவும் அந்த வரையறைக்கு உட்பட்டதே. மருத்துவர் குறிப்பிட்டுப் பரிந்துரைத்த சிறப்பு வகைக்கு இது பொருந்தாது.

அப்படியானால் எவற்றில் எச்சரிக்கை தேவை?

செய்முறையில் சேர்க்கையைக் கூட்டவும் குறைக்கவும் இடமிருக்கும் பொருட்களில். பதப்படுத்திய இறைச்சி, ஃபிஷ் ஃபிங்கர் எனப்படும் மாவில் தோய்த்த மீன் துண்டுகள், தயார்நிலை உணவு, ஜாம், சாக்லேட், பழச்சாறு, தக்காளிச் சாஸ் ஆகியவற்றில் விலையுயர்ந்த மூலப்பொருளைக் குறைத்து, நீர், மாவுச்சத்து, சர்க்கரை, மலிவான கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியும். இறைச்சித் துண்டுகளில் நீர் ஏற்றுவது வெகு பழைய உத்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் நீர் சேர்த்திருந்தால் அதைப் பொருளின் பெயரிலேயே குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. உறைந்த மீன், இறால் ஆகியவற்றின் மீது பனிப்படலம் பூசுவது பொருள் உலர்ந்துபோகாமல் காப்பதற்காகத்தான். ஆயினும் அந்தப் பனியின் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பனி நீங்கிய நிகர எடையே நாம் ஒப்பிட வேண்டிய எடை.

இன்னொரு வகை, கலப்படத்திற்குப் பெயர்போன பொருட்கள். ஐரோப்பிய ஆணையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான தேன் மாதிரிகள் 320இல் 147, அதாவது 46 விழுக்காடு, சர்க்கரைப் பாகு கலந்தவையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டன. தேன் மிகவும் மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்பது நியாயமே. ஆனால் விலை அதிகம் என்பதாலேயே தேன் தூயதாகிவிடுவதும் இல்லை; எந்த நாட்டிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று தெளிவாக எழுதியிருக்கும் பாட்டிலுக்கு முன்னுரிமை தரலாம். அரைத்த மசாலாத் தூள்களைவிட முழு மசாலாக்களில் ஏமாற்ற இடம் குறைவு. ஆலிவ் எண்ணெயில் எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற தரத்திற்கு அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; ஒளி படாத இருண்ட பாட்டிலில், அறுவடை ஆண்டு குறிப்பிட்டு வருவது நல்ல அறிகுறி. மலிவு விலைக் கடையிலும் அப்படிப்பட்ட பாட்டில் கிடைக்கும். விலையுயர்ந்த கடையிலும் கண்ணாடி மின்ன ஒளியில் வெந்துகொண்டிருக்கும் பாட்டில் இருக்கும்.

பல கடைகள் தங்கள் சொந்த பிராண்டையே இரண்டு, மூன்று அடுக்குகளாக விற்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். அடிமட்ட விலை அடுக்கில்தான் செய்முறையில் சிக்கனம் மிகுதி. அதற்கு மேலுள்ள நடு அடுக்கு, பிரபல பிராண்டுக்கு நேராகப் போட்டியிடுவதற்காகவே வடிவமைக்கப்படுவது. கடை பிராண்டை ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்து ஏமாந்ததாகச் சொல்பவர்கள், அடிமட்ட அடுக்கை எடுத்துவிட்டுப் பிரபல பிராண்டோடு ஒப்பிட்டிருப்பதும் உண்டு.

லேபிளில் எதைப் பார்த்தால் இரண்டு பொருட்களை நேர்மையாக ஒப்பிடலாம்?

சேர்மானப் பட்டியலை முதலில் பார்க்கவும். பெரும்பாலான நாடுகளில் அது எடை அளவில் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும். எனவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பொருளின் குணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழ ஜாமில் பழத்துக்கு முன்பு சர்க்கரை வந்தால், நாம் வாங்குவது பழ மணம் கொண்ட சர்க்கரையை. இனிப்பையே சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்று பெயர்களாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும் என்பதால், அவற்றை மனத்துக்குள் கூட்டிப் பார்க்க வேண்டும். பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தப்பட்ட பொருளின் விழுக்காடு பட்டியலில் தரப்பட்டிருந்தால், ஒப்பிடுவதற்கு அதைவிட நேரடியான எண் வேறில்லை.

ஊட்டச்சத்து அட்டவணையில் ஒரு பரிமாறலுக்கான எண்ணை விட்டுவிட்டு, 100 கிராமுக்கான எண்ணைப் பார்க்கவும். பரிமாறலின் அளவைத் தயாரிப்பாளரே நிர்ணயிக்கும் இடங்களில், அளவைச் சுருக்கினால் உப்பும் சர்க்கரையும் சுருங்கியதுபோலத் தோன்றும். டப்பாவில் அடைத்த பயறு, மீன், காளான் ஆகியவற்றில் நீரை வடித்த பிறகான எடையை மட்டும் ஒப்பிடவும். உப்பு நீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

காய்கறிகளும் பழங்களும் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன என்கிறார்களே?

இந்தக் குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழங்களும் காய்கறிகளும் சிறப்பு, முதல், இரண்டாம் என்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. வடிவம், நிறம், தோலில் உள்ள வடு ஆகியவையே அந்தப் பிரிவினைக்குப் பெரிதும் காரணம். இரண்டாம் வகுப்பு ஆப்பிளை மலிவாக வாங்குபவர் சுவையில் இழப்பது ஒன்றுமில்லை. சிக்கல் வகுப்பில் இல்லை, கையாளுதலில் இருக்கிறது. ஆட்கள் குறைவான கடையில் அழுகத் தொடங்கிய ஒன்றை உடனே பொறுக்கி எடுக்க நேரமிருக்காது. பைக்குள் கட்டி விற்பதால் அடியில் இருப்பதை நாம் பார்க்கவும் முடியாது.

ஆகவே கடையைக் காட்டிலும் சரக்கு வரும் நாளையும் நேரத்தையும் அறிந்துகொள்வது முக்கியம். கூட்டம் மிகுந்த மலிவு விலைக் கடையில் காலையில் இறங்கிய கீரை, கூட்டமில்லாத ஆடம்பரக் கடையில் மூன்று நாளாகத் தெளிப்பு நீரில் குளித்துக்கொண்டிருக்கும் கீரையைவிடப் புதியது. பையைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்கவும். உட்புறத்தில் ஈரம் கோத்திருந்தால் வைத்துவிடவும். அருகில் உழவர்களே விற்கும் சந்தை இருந்தால், பருவத்தில் விளையும் காய்களுக்கு எந்த சூப்பர் மார்க்கெட்டும் அதற்கு ஈடாகாது என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

உறையவைத்த காய்கறிகளை வாங்கலாமா?

தாராளமாக. அறுவடையான சில மணி நேரத்துக்குள் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி உறையவைப்பதால் கொஞ்சம் வைட்டமின் சி போகும். ஆனால் எஞ்சியது மைனஸ் 18 பாகை செல்சியஸில் மாதக் கணக்கில் பெரிதும் நிலைத்திருக்கும். அறை வெப்பத்தில் நாள்கணக்கில் கிடந்த பச்சைக் காயோ ஒவ்வொரு நாளும் இழந்துகொண்டே இருக்கிறது. பொதிக்குள் காய்கள் தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் எங்கோ உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள்.

தேதி நெருங்கிய பொருட்களைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. பல நாடுகளின் சட்டங்கள் இரண்டு வகைத் தேதிகளை வேறுபடுத்துகின்றன. ஒன்று, இந்த நாளுக்குப் பிறகு உண்ணக்கூடாது என்று பாதுகாப்பைக் குறிப்பது. பச்சை இறைச்சி, மீன், சமைத்த குளிர் உணவு போன்றவற்றில் இது இருக்கும். மற்றது, இந்த நாள் வரை சுவையும் மணமும் முழுமையாக இருக்கும் என்று தரத்தைக் குறிப்பது. பிஸ்கட், மாவு, டப்பா உணவு, காப்பித்தூள் போன்றவற்றில் காணப்படுவது. முதல் தேதி கடந்துவிட்டால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் வேலையே கூடாது, ஏனெனில் நோய் தரும் நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு வாடை கிடையாது. இரண்டாவது தேதி கடந்திருந்தால், சரியாக வைத்திருந்த பொருளைக் கண்ணாலும் நாவாலும் சோதித்து உண்ணலாம்.

பாதுகாப்புத் தேதி நாளை முடியும் இறைச்சியைப் பாதி விலைக்கு வாங்குவது நல்ல வியாபாரம்தான், அன்றே சமைத்தால் அல்லது அன்றே உறையவைத்தால். குளிர்பதனப் பொருட்களைக் கடைசியாக எடுத்து, வீட்டுக்கு வந்ததும் 5 பாகை அல்லது அதற்குக் கீழ் வைத்துவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க இயலாத நாளில் தள்ளுபடித் தட்டின் பக்கம் போகாமலிருப்பதே லாபம்.

பெரிய பொதி வாங்கினால் எப்போதும் மலிவா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் இல்லை. பெரிய பொதி மலிவு என்று வாடிக்கையாளர் நம்புவது வணிகருக்கும் தெரியும்; ஆகவே சிறிய பொதிக்குத் தள்ளுபடி இருக்கும் வாரத்தில் பெரிய பொதி கிலோவுக்கு அதிக விலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இதற்கு மருந்து அலகு விலை, அதாவது ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்ற கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டின் ஆணையின் மூலம் இதைக் கடைகளுக்குக் கட்டாயமாக்கியது; வேறு பல நாடுகளிலும் இத்தகைய விதி உண்டு. விலைச் சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்தான் உண்மையான விலை. இல்லாத இடத்தில் கைபேசியில் வகுத்துப் பார்க்கச் சில நொடிகள் போதும். பொதியின் எடையைச் சத்தமில்லாமல் 500 கிராமிலிருந்து 450 கிராமாகக் குறைத்து அதே விலைக்கு விற்பதும் அலகு விலையைப் பார்ப்பவரிடம் மட்டுமே பிடிபடும். இந்தத் தந்திரத்தைப் பிரபல பிராண்டுகளும் கடை பிராண்டுகளும் ஒருசேரப் பயன்படுத்துகின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 5 கிலோவாக வாங்கி 1 கிலோவை வண்டு தின்றால், நாம் உண்மையில் 4 கிலோவுக்குத்தான் அந்த விலையைக் கொடுத்தோம். வாங்கிய அளவை விட்டுவிட்டு உண்ட அளவால் விலையை வகுத்தால், பல வீடுகளில் பெரிய பொதியின் மலிவு காணாமல் போய்விடும்.

எத்தனை சொன்னாலும், கடை பிராண்டு சுவையில் ஒரு மாற்றுக் குறைவாகவே தெரிகிறதே?

உண்மையாகவே குறைவாக இருக்கலாம். விலை தெரிந்ததால் அப்படித் தோன்றவும் செய்யலாம். 2008இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரே திராட்சை மதுவை ஒருமுறை 5 டாலர் என்றும் இன்னொருமுறை 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பங்கேற்றவர்கள் 45 டாலர் மது சுவையானது என்றார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியின் செயல்பாடும் அப்போது கூடுதலாகவே பதிவானது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை சுவையாகவே மாறிவிட்டிருந்தது.

இரண்டில் எது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. உணவு ஆலைகளில் செய்யும் சோதனைதான்: மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரு பிராண்டு, ஒன்றில் மற்றது, எது எதில் என்று தெரியாதவர் சுவைத்து, தனித்து நிற்கும் கிண்ணத்தைச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒருமுறை சரியாக வரும் என்பதால், பலமுறை கிண்ணங்களை மாற்றி வைத்துக் கேட்க வேண்டும். வேறுபாட்டையே கண்டுபிடிக்க முடியாத பொருளுக்குக் கூடுதல் பணம் எதற்கு? கண்டுபிடித்து, விலையுயர்ந்ததே பிடித்தும் இருக்கிறது என்றால், அதை வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காப்பியிலும் சாக்லேட்டிலும் அப்படி முடிவதுண்டு.

நடுவரிசையில் வாராவாரம் மாறும் சிறப்புப் பொருட்கள் உண்மையிலேயே மலிவா?

பாத்திரம், கருவி, துணி என்று உணவல்லாத பொருட்களை ஒருமுறை மட்டும் வரவழைத்து, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று விற்பது இக்கடைகளின் பழைய வழக்கம். தனிப் பொருளாகப் பார்த்தால் விலை நியாயமாகவே இருக்கும். ஆனால் மாவும் எண்ணெயும் வாங்க வந்தவர் அவற்றோடு ஒரு துளையிடும் கருவியையும் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினால், மளிகையில் சேமித்ததைக் கடை திரும்ப வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிட முடியுமா?

வகை குறைவு என்பதே மலிவின் ஊற்று என்பதால், நாம் தேடும் ஒரு குறிப்பிட்ட பொருள் இல்லாமலிருக்க வாய்ப்பு மிகுதி. ஒவ்வாமை உள்ளவர்கள், குறிப்பிட்ட உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இன்னொரு கடையையும் நாட வேண்டியிருக்கும். அடிப்படைச் சரக்கை மாதத்திற்கு ஓரிருமுறை மலிவு விலைக் கடையில் மொத்தமாக எடுத்துவிட்டு, பச்சைக் காய்களையும் சிறப்புப் பொருட்களையும் வீட்டுக்கு அருகிலேயே வாங்குவது பலருக்கு ஒத்துவரும் ஏற்பாடு. ஒரு பொதிக்குச் சில காசுகளை மிச்சப்படுத்துவதற்காக நகரத்தின் மறுகோடிக்கு வண்டி ஓட்டுபவர், எரிபொருளையும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்.

நமக்குக் கிடைக்கும் மலிவுக்கு உழவரோ தொழிலாளியோ விலை கொடுக்கிறாரா?

இது நேர்மையான கேள்வி. பொதுவான ஒரே பதில் இதற்கு இல்லை. கடைக்குள் வேலை செய்பவர்களைப் பொறுத்தவரை, ஒரே ஆள் கல்லாவையும் அடுக்குவதையும் துடைப்பதையும் பார்ப்பதால் உழைப்பின் நெருக்கம் அதிகம். அதற்கு ஈடாகச் சில நிறுவனங்கள் அத்துறையின் வழக்கத்தைவிடக் கூடுதல் சம்பளம் தருகின்றன, சில தருவதில்லை. கொள்முதல் பக்கம் நிலைமை கடினமானது. மிகப் பெரிய அளவில் வாங்குபவரிடம் சிறிய உற்பத்தியாளர் வாதாட முடியாது. கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்தல், மாதக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைத்தல் ஆகிய வழக்கங்கள் பெருகியதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல், கெட்டுப்போகும் உணவுப் பொருட்களுக்கு 30 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது உள்ளிட்ட விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விதிகள் மலிவு விலைக் கடைகளுக்கு மட்டுமானவை அல்ல. எல்லாப் பெரிய வணிகர்களுக்கும் பொதுவானவை.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது சிறிதளவே. கோகோ, காப்பி, வாழைப்பழம் போன்றவற்றில் நியாய வணிகச் சான்று பெற்ற பொருட்கள் மலிவு விலைக் கடைகளிலும் கிடைக்கின்றன. சொந்த பிராண்டில் அவற்றின் விலை கூடுதல் பாரமாகவும் இருப்பதில்லை. நம்ப முடியாத விலைக்கு விற்கும் பாலையும் முட்டையையும் கண்டால், கடை தன் லாபத்தில் குறைத்துக்கொண்டதா, பண்ணைக்குத் தரும் தொகையில் குறைத்ததா என்று கடையிடமே கேட்கலாம். எழுதிக் கேட்டால் பதில் எழுதும் கடைகளும் இருக்கின்றன.

வாங்கிய பொருள் சரியில்லை என்றால் திருப்பித் தரலாமா?

ரசீதையும் பொதியையும் வைத்திருந்தால், கெட்டிருந்த பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில் இத்தகைய கடைகள் பொதுவாகச் சுணக்கம் காட்டுவதில்லை, ஏனெனில் வாதாடிக்கொண்டிருக்கும் ஊழியரின் நேரம் அந்தப் பொருளின் விலையைவிட அதிகம். சில கடைகள் சொந்த பிராண்டு உணவு பிடிக்கவில்லை என்றால்கூடப் பணம் திருப்பித் தருகின்றன. அந்த உறுதிமொழி இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளவும். புதிய கடை பிராண்டு ஒன்றை முதன்முறை வாங்கும்போது மிகச் சிறிய பொதியை எடுத்தால், இந்தப் பிரிவை நாட வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.